எங்கள் வாசலில் மட்டும் மணல்

சைக்கிள் உலகத்தைத் திருத்திவிடும் என்று என் சித்தப்பா நம்பினார். நான் அவரை நம்பினேன். எனக்கு அப்போது எட்டு வயது, எதையும் நம்புகிற வயது. அவர் பட்டம் வாங்கிய மனிதர். அவரை என்ன சொல்வது?

எலப்புள்ளிக்குக் கிழக்கே எங்கள் தோட்டம். பெட்ரோல் விலை எகிறி, அப்பாவின் ஜீப் கொட்டகையிலேயே நின்றுபோன சமயம் அது. அப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். சித்தப்பாவுக்கோ கொண்டாட்டம். கோயமுத்தூரில் படிப்பு முடித்து வந்தவர், சாப்பிட உட்கார்ந்தால் சைக்கிள் பேச்சுத்தான். புகை கிடையாது, எண்ணெய்க்காக எவன் காலிலும் விழ வேண்டாம், தோட்டக்காரரும் கூலிக்காரரும் ஒரே உயரத்தில் உட்கார்ந்து போகலாம் என்பார். அவருடைய சைக்கிளைத் தினமும் துடைத்து, காற்றடித்து வைப்பவர் வேலான் என்பது மட்டும் பேச்சில் வராது.

வேலான் எங்கள் தோட்டத்து ஆள். அவருக்கு அப்பா பண்ணாடி, சித்தப்பா சின்னப் பண்ணாடி. அன்று நான் அவரைப் பேர் சொல்லி வா, போ என்றுதான் கூப்பிடுவேன். மரியாதை இப்போது எழுதும்போதுதான் வருகிறது. கஞ்சிக்கோட்டில் புதிதாக வந்த ஒரு கம்பெனியில் அவருக்கு வேலை கிடைத்தது. காலையில் சங்கு ஊதும்போது கேட்டுக்குள் இருக்க வேண்டும், பிந்தினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நடந்து போய்ச் சேருகிற தூரமில்லை. சித்தப்பா தன் சைக்கிளையே தூக்கிக் கொடுத்துவிட்டார். எனக்கு ஒரே பெருமை. தலையிலிருந்த சிவப்பு ரிப்பனை அவிழ்த்து ஹேண்டில்பாரில் கட்டிவிட்டேன்.

காலையில் வேலான் குடிசையிலிருந்து மிதித்துக்கொண்டு வருவார். எங்கள் மதில் தொடங்கும் இடத்தில் இறங்குவார். தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, மதில் முடியும் வரை தள்ளிக்கொண்டே போவார். அப்புறம் ஏறிக்கொள்வார். அவர் மட்டுமல்ல, அந்தப் பக்கத்துக் குடிசைகளிலிருந்து யார் சைக்கிளில் வந்தாலும் இப்படித்தான். ஒருநாள் கேட்டேன்.

"வேலா, எங்க ஊட்டு முன்னால மட்டும் ஏன் எறங்கித் தள்றே?"

"இங்கெ மணலுங்க அம்முணி. சக்கரம் சறுக்குமுங்க."

நான் நேரே சித்தப்பாவிடம் போய், நம் வாசலில் கொஞ்சம் சரளைக்கல் போட வேண்டும் என்றேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் சிரிக்கவில்லை. பள்ளிக்கூடத்து நாளிலிருந்து அதே வழியில் மிதித்தவர். தனக்கு இறங்க வேண்டி வந்ததே இல்லை, அதனால் மற்றவர்கள் இறங்குவது அவர் கண்ணில் பட்டதே இல்லை போலிருக்கிறது.

மறுநாள் காலை அவர் வாசலில் நின்றுகொண்டார். வேலான் வழக்கம்போல இறங்கினார்.

"ஏறிப் போ வேலா. இனி இங்கெ எறங்க வேண்டாம்."

"இருக்கட்டுமுங்க சின்னப் பண்ணாடி. இத்துளி தூரந்தானுங்களே."

"நான் இருக்கறேனல்ல. ஏறு."

ஏறினார். தலையைக் குனிந்துகொண்டு, மணிகூட அடிக்காமல் போனார். சக்கரம் சறுக்கவேயில்லை, நான் கை தட்டினேன். உள்ளே சாய்வு நாற்காலியிலிருந்த அப்பா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததைச் சம்மதம் என்று சித்தப்பா எடுத்துக்கொண்டார். கூடப் பிறந்த அண்ணனை அவர் அவ்வளவுதான் அறிந்திருந்தார்.

கொஞ்ச நாளில் வேலானின் குடிசைச் சுவரில் சாய்த்து வைத்திருந்த சைக்கிள் காணாமல் போயிற்று. கொடுத்ததைக் காப்பாற்றத் துப்பில்லை என்றார் அப்பா. வேலான் இருட்டோடு எழுந்து நடந்து பார்த்தார். பல நாள் அவர் போவதற்குள் கேட்டைச் சாத்திவிட்டார்கள். கடைசியில் கம்பெனியில் வேறு ஆள் வைத்துக்கொண்டார்கள். அவர் பழையபடி மண்வெட்டியோடு எங்கள் தென்னந்தோப்புக்கே வந்து சேர்ந்தார்.

பங்குனியில் தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் இறங்கியது. எட்டிப் பார்க்கக் கூடாது என்று சொல்லியிருந்ததால் எட்டிப் பார்த்தேன். படியோரம் பாசித் தண்ணீருக்கு மேலே ஒரு ஹேண்டில்பார் தெரிந்தது. நிறம் போன ரிப்பன் அதில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஓட்டமாக ஓடினேன். அப்பாவும் சித்தப்பாவும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"வேலானோட சைக்கிள் கெடைச்சிருச்சு. நம்ம கெணத்துலதான் கெடக்குது."

யாரும் எழுந்திருக்கவில்லை. சித்தப்பாவின் கை இலையிலேயே நின்றது. அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா சோற்றில் ரசத்துக்குக் குழி பறித்துக்கொண்டிருந்தார்.

"புள்ளையக் கெணத்துப் பக்கம் உடாதேன்னு எத்தன தடவ சொல்றது" என்றார் அம்மாவிடம்.

சித்தப்பா ஏதாவது சொல்வார் என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். அம்மா மோர் கொண்டுவந்தாள். அவர் இலையை நகர்த்தி, ஊற்றச் சொன்னார். அதோடு எங்கள் வீட்டில் சைக்கிள் பேச்சு நின்றுபோயிற்று. அப்பா விலையைப் பார்க்காமல் ஜீப்புக்குப் பெட்ரோல் போட்டு, சாவியைச் சித்தப்பா கையில் கொடுத்தார். அவரும் வாங்கிக்கொண்டார்.

அன்றிலிருந்து கிணற்று மோட்டார் ஓடவில்லை. பழுதாகிவிட்டது என்றார்கள். இறைக்காத கிணற்றில் தண்ணீர் ஊறி ஹேண்டில்பாரை மூடிக்கொண்டது. தோப்பில் மட்டைகள் தொங்கின, குரும்பை கொட்டியது. பிள்ளைபோல வளர்த்த மரங்களை அப்பா காயவிட்டார். கிணற்றுத் தண்ணீர் மட்டும் இறங்கக் கூடாது.

வாய்க்காலில் தேங்கியிருந்த தண்ணீரைக் குடத்தில் மொண்டுவந்து மரத்துக்கு ஊற்றும் வேலை வேலானுக்கு வந்தது. பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் அவரைத் தனியாகப் பிடித்தேன். என்னிடம் பெரிய ரகசியம் இருந்தது.

"வேலா, உன்ற சைக்கிள் எங்கியும் போவல. எங்க கெணத்துக்குள்ளதான் கெடக்குது."

"தெரியுமுங்க அம்முணி."

தோளிலிருந்த குடத்தைச் சாய்த்து மரத்தடியில் ஊற்றிவிட்டு, மறுபடி வாய்க்காலுக்கு நடந்தார். தெரிந்தும் ஏன் எடுத்துக்கொள்ளாமல் இருக்கிறார் என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். சைக்கிள் ஆசை அவருக்கு விட்டுப்போயிருக்கும் என்று தோன்றியது. மேற்கொண்டு யோசிக்க நேரமில்லை. ஜீப்பில் ஒரு சுற்று கூட்டிப்போவதாகச் சித்தப்பா சொல்லியிருந்தார்.