கத்தி படாத முடி

எங்கள் வார்டில் அவரை எல்லோரும் மெஷினக்கா என்றுதான் கூப்பிடுவோம். அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கு, தலையோ வயிறோ தொடையோ, டாக்டர் குறித்துத் தந்த இடத்தில் முடியை எடுத்துச் சுத்தம் செய்வது அவர் வேலை. டிரேயில் மெஷின், பஞ்சு, மருந்துத் தண்ணீர் எல்லாவற்றையும் அடுக்கிக்கொண்டு அவர் வருவதைப் பார்த்ததுமே பாதிப் பேருக்கு முகம் தொங்கிவிடும். "பயப்படாதீங்க, என் மெஷினுக்குப் பல்லு இருக்கு, ஆனா கடிக்காது" என்பார். அங்கே பதினொரு வருடம் நர்ஸாக இருந்தேன். பதினொரு வருடமும் இதே ஜோக்தான்.

அந்த மெக்கானிக் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. சீக்கியர். பஸ் டெப்போவில் வண்டிக் கூரைமேல் ஏறி வேலை பார்த்தபோது வழுக்கி விழுந்திருக்கிறார். மூன்று வாரம் கழித்து, தலைக்குள் ரத்தம் கட்டியிருப்பது ஸ்கேனில் தெரிந்தது. மறுநாள் மண்டையில் இரண்டு சின்னத் துளை போட்டு எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். சீட்டில் 'தலை முழுவதும் மழிக்கவும்' என்று எழுதியிருந்தது.

அக்கா டிரேயோடு போய் நின்றதும், அவர் தலைப்பாகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"முடியில மட்டும் கை வைக்காதீங்கம்மா."

டெப்போவில் பாதிப் பேர் நம் தமிழ் ஆட்கள் என்பதால் அவருக்குத் தமிழ் சரளமாக வரும். முடியை ஒட்ட வெட்டியிருந்த அவர் மகன் அவர்கள் மொழியில் கெஞ்சினான், கத்தினான், கடைசியில் அழுதான். மனைவி கட்டிலின் கால்மாட்டில் நின்றார்.

அக்கா சமாதானம் சொல்லிப் பார்த்தார். "ஐயா, முடிதானே, நாலு மாசத்துல வந்துடும். நானே ஒரு தடவை மொட்டை போட்டவதான்."

"எதுக்குப் போட்டீங்க?"

"என் பொண்ணு ஏழாம் மாசத்துலயே பொறந்துட்டா. கண்ணாடிப் பெட்டியில கையகலம் கிடந்தா. இவ பொழைச்சா என் முடியத் தர்றேன்னு சாமிகிட்ட வேண்டிக்கிட்டேன். பொழைச்சா. குடுத்தேன்."

அவர் அக்காவைப் பார்த்துக் கைகூப்பினார். "நீங்க குடுத்தது சின்ன விஷயம் இல்லம்மா. எங்களுக்கு வேற மாதிரி. இது அவர் குடுத்தது. குடுத்தபடியே வெச்சிருக்கறதுதான் நாங்க அவருக்குச் செய்யற மரியாதை. அம்பத்தெட்டு வருஷம், ஒரு நாள்கூட இதுல கத்தி பட்டதில்ல."

"அவர்னா, எந்தச் சாமி?"

"ஒருத்தர்தான். உருவம் கிடையாது. பொறப்பு, சாவு கிடையாது."

"படமே இல்லாம எப்படிக் கும்பிடுவீங்க?"

"பேரைச் சொல்லிக்கிட்டே இருப்போம். நேர்மையா உழைப்போம். கிடைச்சதப் பகிர்ந்துக்குவோம். அவ்வளவுதான்."

அக்கா மெஷினைத் தொடாமலே டிரேயைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். அப்படி அவர் வந்து நான் பார்த்ததே இல்லை. நேராக டாக்டர் அறைக்குள் போனார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"டாக்டர், துளை போடற இடம் எவ்வளவு வேணும்?"

"தீப்பெட்டி அளவுல ரெண்டு இடம். ஏன்?"

"முடிய எடுக்காம, வகிடு பிரிச்சுப் பின்னி ஒதுக்கித் தந்தா போதுமா?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "செய்யலாம். ஆனா ஒரே ஒரு முடி உள்ள வந்து விழுந்தாலும் நான் எடுத்துடுவேன். அதுக்கு அவரும் சம்மதிக்கணும்."

அக்கா போய்ச் சொன்னதும், மெக்கானிக் கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டுச் சம்மதித்தார்.

மறுநாள் காலை அக்கா இரண்டு மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார். கட்டிலுக்குப் பக்கத்தில் செருப்பைக் கழற்றிவிட்டார். நோயாளிக்கு முன்னால் யாராவது செருப்பைக் கழற்றுவார்களா? மனைவி தலைப்பாகையைச் சுற்றுச் சுற்றாக அவிழ்த்தார். உச்சிக் கொண்டையில் செருகியிருந்த சின்ன மரச்சீப்பை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொண்டார். கொண்டை அவிழ்ந்தது.

இடுப்பு வரை விழுந்தது முடி. மேலே வெள்ளி, உள்ளே கருப்பு. ஒரு மனிதன் பிறந்ததிலிருந்து யாரும் வெட்டாத முடி. ஆயிரக்கணக்கான தலைகளைப் பார்த்த அக்கா, இன்னொரு தடவை போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். "கருவறைக்குள்ள கை வைக்கற மாதிரி இருக்குடி" என்று என் காதில் சொன்னார்.

அப்புறம் இரண்டு பெண்களும் பின்னினார்கள். ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாது, விரல்களுக்குப் புரிந்தது. மருந்துத் தண்ணீரில் நனைத்து, வகிடெடுத்து, முப்பத்தொரு மெல்லிய பின்னல். ஒவ்வொன்றின் நுனியிலும் ரப்பர் வளையம். நான் எண்ணினேன். அவர் கண்ணை மூடி 'வாஹேகுரு, வாஹேகுரு' என்று தன் கடவுளின் பேரை மூச்சுவிடுவது போலச் சொல்லிக்கொண்டே இருந்தார். அவர்கள் மத அடையாளமாகக் கையில் போட்டிருந்த இரும்பு வளையைக் கழற்றாமல், மேலே டேப் சுற்றி மூடினோம்.

ஆபரேஷன் அறையில் டாக்டர் அந்தத் தலையை நான்கு பக்கமும் பார்த்தார். "கையுறை குடுங்க" என்றார்.

ஒன்றேகால் மணி நேரம். ஒரு முடிகூட வெட்டப்படவில்லை. கண் விழித்ததும் அவர் கை முதலில் தலைக்குத்தான் போனது. தொட்டுப் பார்த்துவிட்டு, ஓசையில்லாமல் அழுதார். மகன் குனிந்து அவர் காலைப் பிடித்துக்கொண்டான்.

பத்து வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் எங்கள் இருவரையும் அவர்களுடைய கோயிலான குருத்வாராவுக்கு அழைத்தார். தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு போனோம். அக்கா சுற்றிச் சுற்றிச் சாமியைத் தேடினார். சிலை இல்லை. விதானத்துக்குக் கீழே, பட்டு விரிப்பில், ஒரு பெரிய புத்தகம். அதுதான் குரு, உயிரோடிருக்கும் குரு என்றார் மெக்கானிக்கின் மகன். ஒருவர் பின்னால் நின்று வெள்ளைச் சாமரம் வீசிக்கொண்டிருந்தார். வந்தவர்கள் ஒவ்வொருவராக நெற்றி தரையில் பட வணங்கினார்கள். அக்காவும் வணங்கினார், எழுந்திருக்க நேரமாயிற்று.

பெரிய கூடத்தில் எல்லோரும் தரையில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டோம். ரொட்டியும் பருப்பும். பட்டுடுத்திய ஒரு அம்மாவுக்கும் சீருடையோடு வந்திருந்த தெருக்கூட்டுபவருக்கும் நடுவில் நாங்கள். யார், எவர், எந்தச் சாமி என்று ஒருவரும் கேட்கவில்லை. மெக்கானிக்கைக் காணோமே என்று தேடினால், வாசலில் உட்கார்ந்து, வந்தவர்களின் செருப்பைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அதில் அக்காவின் செருப்பும் இருந்தது.

"ஐயோ, விடுங்கய்யா!" என்று பதறினார் அக்கா.

"ஏம்மா? இதுவும் கும்பிடறதுதான்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"அந்தப் புத்தகத்துக்கு விசிறி வீசறாங்களே, அதுக்கு வேர்க்குமான்னு கேக்க வாய் வரைக்கும் வந்துச்சு. அப்புறம் நெனைச்சேன், நான் தினம் காலையில எங்க வீட்டுப் பிள்ளையாரைக் குளிப்பாட்டறேனே, அவர் மேல என்ன அழுக்கா இருக்கு?"

சொல்லிவிட்டு, ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டார்.