கரைவிளக்குக்குக் கணக்கெடுத்தபோது

ஒரு தேவை ஊருக்குத் தெரிந்தால் போதாது, காசு தருகிறவர்களுக்கு அதை இலக்கத்தில் காட்டவேண்டும். அதுதான் எங்கள் தொழில். நாய்க்குப் பயந்து வீட்டு வாசலில் படலை படலையாக நின்று விண்ணப்பத்துக்கு எண் சேர்த்தவர்கள் நான் சொல்வதை நம்புவீர்கள்.

எழுபதுகளில், நெல்லியடிக்கு வடக்கே ஒரு கடற்கரைக் குறிச்சியில், கிராம முன்னேற்றச் சங்கத்துக்காகக் கணக்கெடுத்தேன். இருட்டில் திரும்பும் வள்ளங்கள் கரையோரக் கற்பாரில், நீருக்கடிப் பாறையில், மோதி உடைந்தன. கரையில் ஒரு விளக்குக் கம்பம் வேண்டும். கடலில் இறந்தவர்களின் தொகையைக் காட்டினால்தான் அரசாங்க உதவி. நானோ கடலில்லாத உடுவிலில் தோட்டம் செய்பவர் வீட்டுப் பெண். கடலைப் பற்றி ஒன்றும் தெரியாது.

வீட்டில் உள்ளவர்கள்

நாகரத்தினம் அக்கா தன் வீட்டில் இரண்டு பேர் என்றார்: தானும் புருசனும். அவர் எங்கே என்று கேட்டேன். "கடலுக்கு, தொழிலுக்குப் போயிட்டார்" என்றார். முற்றத்துக் கொடியில் கிடந்த, ஆண்கள் உடுக்கும் சாரத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அடுத்த வீட்டுக்குப் போனபோதுதான் விசயம் தெரிந்தது. அந்த மனிதர் முன்னொரு வாடைக்காற்றுக் காலம் கடலுக்குப் போனவர். வள்ளத்தின் பலகைகூடக் கரைக்கு வரவில்லை.

திரும்பிப் போய், இறந்தவர் என்று எழுதினால்தான் விளக்குக் கிடைக்கும் என்று விளங்கப்படுத்தினேன். அவர் கோபப்படவில்லை. சாரத்தின் நுனியை என் கையில் தந்தார். கடல் மணந்தது.

"செத்தவர் எண்டு எழுதினால், பிள்ளை, ஒவ்வொரு விடியவும் வந்து உந்தச் சாரத்தை நனைச்சுப் போடுறது ஆர்?"

சாவில்லாத ஊர்

மற்ற வீடுகளிலும் இதே கதைதான். எல்லாரும் தொழிலுக்குப் போயிருந்தார்கள். 'கடலில் இறந்தோர்' என்ற நிரல் வெறுமையாகவே அரச அலுவலகமான கச்சேரிக்குப் போனது. அங்கே விண்ணப்பம் பார்த்த ஐயா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஆக்கள் சாகாத இடத்துக்கு விளக்கு என்னத்துக்குப் பிள்ளை? எங்களையெல்லோ அங்கை குடியேத்தவேணும்."

பனிப்புகாருக்குள்

மார்கழிக் காலையில், கம்பம் நடவேண்டிய இடத்தைக் காட்டச் சின்னத்தம்பி அண்ணை என்னைக் கரைக்குக் கூட்டிப்போனார். அவர் சங்கத் தலைவர், கடற்றொழிலாளி. கடலை மூடிப் பனிப்புகார். அதற்குள்ளிருந்து ஓர் ஆண்குரல், களைத்துப்போய், "தங்கச்சி" என்று கூப்பிட்டது. நான் ஓம் என்று சொல்ல வாயெடுத்தேன். அண்ணை என் கையை அழுத்திப் பிடித்தார்.

"பொறுங்கோ. உயிருள்ளவன் மறுபடியும் கூப்பிடுவான்."

நின்றோம். குரல் மறுபடி வரவில்லை. புகார் கலைந்தது. கடலில் வள்ளமும் இல்லை, ஆளும் இல்லை. அண்ணை மெதுவாகச் சொன்னார்:

"இப்ப விளங்குதோ, ஏன் எங்கடை பெண்டுகள் செத்தவை எண்டு எழுத விடுகினமில்லை?"

திரும்பாதவர்கள்

அன்றே அந்த நிரலின் தலைப்பை வெட்டி, 'கடலுக்குப் போய் இன்னும் திரும்பாதோர்' என்று மாற்றினேன். மறுபடி வீடு வீடாகப் போனேன். இந்தமுறை பெண்கள் வாசலுக்கு வந்து பெயர் சொன்னார்கள். எழுதி எழுதிக் கை உளைந்தது. விண்ணப்பம் சரிவந்தது. கம்பமும் நட்டாயிற்று, விளக்கும் எரிந்தது.

சில மாதங்களுக்குப் பிறகு, விளக்கால் கிடைத்த பயனை எழுதி அனுப்புவதற்காகப் போனேன். சின்னத்தம்பி அண்ணை மெலிந்திருந்தார்.

"வள்ளம் ஒண்டும் உடையேல்லை, பிள்ளை, அதை எழுதுங்கோ. ஆனால் இப்ப வெளிச்சத்தைப் பிடிச்சுக்கொண்டு கரையேறுறவை கூடிப்போச்சினம். பெண்டுகள் ஒருத்தியும் ராவிலை படலை சாத்துறேல்லை."

தேவையை எண்ணிக் காட்டத்தான் எனக்குச் சம்பளம் தந்தார்கள். வந்து சேர்ந்தவர்களையும் எண்ணிவரச் சொல்லி, நல்லகாலம், எவரும் கேட்கவில்லை.