தாண்டி லயன்

எனக்கு வாய் நீளம் என்று தோட்டமே சொல்லும். சொல்லட்டும். அந்த வாய் மட்டும் இல்லாதிருந்தால், ஒரு மஞ்சள் பூவுக்காக ஒரு லயனே மூட்டை முடிச்சோடு நடுரோட்டில் நின்றிருக்கும்.

எங்கள் தோட்டம் லிங்கிப் பக்கம். ரப்பர் கன்று வைத்து, இன்னும் பால் வெட்டத் தொடங்காத காலம். தொழிலாளிகளுக்குக் கட்டிக்கொடுத்த நீள வரிசை வீடுகளைத்தான் லயன் என்போம். மற்ற லயன்களெல்லாம் பங்களாவுக்குக் கீழே இருந்தன. எங்களுடையது மட்டும் ஓடையைத் தாண்டி இருந்ததால் அதற்குத் ‘தாண்டி லயன்’ என்றே பெயர் விழுந்துவிட்டது. மழை வந்தால் பாலம் முங்கிப்போகும், அட்டைக்கடி வேறு. ஆனாலும் அந்த இடத்தை விட்டு நகரமாட்டேன் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். என் தலைச்சன் பிள்ளை தவழக்கூடத் தொடங்காத வயதில் காய்ச்சலில் போய்விட்டான். லயனுக்குப் பின்னால், கொய்யா மரத்தடியில்தான் அவனைப் புதைத்திருந்தோம். வேலைக்குக் கிளம்புமுன் அந்த மேட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போவேன். பார்க்காத நாளில் சோறு இறங்காது.

அப்போதுதான் புதிதாக ஒரு சின்னத் தொரை வந்து சேர்ந்தார். கப்பலிலிருந்து இறங்கிய சூடு ஆறவில்லை. முகம் வெந்த இறால் மாதிரிச் சிவந்திருந்தது. நாலு வார்த்தை தமிழ் கற்றிருந்தார். ஆனால் ‘தோட்டம்’ வராது, ‘டோட்டம்’ என்பார். ‘தண்ணி’ என்றால் ‘டண்ணி’. வெள்ளைக்காரர் ‘டா’ என்றால் ‘தா’ என்று நாங்களே திருத்திக் கேட்டுப் பழகியிருந்தோம். வினையே அதில்தான் வந்தது.

ஒரு சாயங்காலம், எங்கள் களைவெட்டுக் கும்பலை மேய்க்கும் மண்டோர், பாலத்தைக் கடந்து வந்தார். தலைத்துண்டை அவிழ்த்துப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

“தொரை உத்தரவு போட்டுட்டாரு. சனிக்கிழமைக்குள்ள தாண்டி லயனைக் கிளியர் பண்ணணுமாம். ஒண்ணுகூட மிஞ்சக்கூடாதாம்.”

“நெசமாவா? சரியாக் கேட்டீங்களா?” என்றேன்.

“மூஞ்சிக்கு நேரா சொன்னாருலா. கிளியர், டாண்டிலயன்ஸ், சாட்டர்டே. எனக்கு இங்கிலீசு தெரியாதா என்ன?”

அவ்வளவுதான். பக்கத்து வீட்டுக்காரி, இன்னும் கிழங்கு வைக்காத மரவள்ளியைப் பிடுங்க ஆரம்பித்தாள். ஒருத்தி மண்ணை வாரித் தூற்றினாள். என் வீட்டுக்காரர் அதிர்ந்து பேசாத மனுசர். பாயைச் சுருட்டிக்கொண்டே, “பெடாஸ் பக்கம் ஒரு தோட்டத்துல ஆள் எடுக்கறாங்களாம். போயிருவோம் புள்ள” என்றார்.

“புள்ளையை எதுல கட்டித் தூக்கிட்டுப் போவீங்க?” என்று கேட்டேன்.

அவர் பாயைக் கீழே வைத்துவிட்டார். எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

மறுநாள் விடிந்ததும் பெரட்டு. வேலைக்குப் பேர் கொடுக்க எல்லோரும் வரிசையாக நிற்கும் இடம். நான் வரிசையை விட்டு நேரே தொரை முன்னால் போய் நின்றேன். “ஏய், உனக்கென்ன பைத்தியமா?” என்று மண்டோர் பின்னாலிருந்து பல்லைக் கடித்தார்.

“தொரே! நாங்க என்ன தப்பு செஞ்சோம்? எங்க லயனை ஏன் காலி பண்ணச் சொல்றீங்க?”

பக்கத்தில் நின்ற, ஆபீசில் கணக்கெழுதும் கிராணி அதை இங்கிலீஷில் சொன்னார். தொரை திருதிருவென்று விழித்தார்.

“நோ, நோ! டாண்டிலயன்!”

“அதைத்தான் நானும் சொல்றேன், தாண்டி லயன்!”

“டாண்டிலயன்!”

“தாண்டி லயன்!”

இப்படியே கொஞ்ச நேரம் நாங்கள் இருவரும் ஏலம் போட்டோம். கடைசியில் அவர் பொறுமையிழந்து, தரையோரம் முளைத்திருந்த ஒரு மஞ்சள் பூச்செடியை வேரோடு பிடுங்கி என் மூக்குக்கு நேரே நீட்டினார். இலையின் வெட்டுவெட்டான ஓரத்தை விரலால் தடவிக் காட்டினார். பிறகு தன் பல்லையும் காட்டி, “லயன்! ர்ர்ர்!” என்று உறுமினார்.

கிராணி சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினார். “லயன்னா அவுங்க பாஷையில சிங்கம். இந்தப் பேரு பிரெஞ்சுக்காரன்கிட்டேயிருந்து வந்துச்சாம். சிங்கத்தோட பல்லுன்னு அர்த்தம். இலையைப் பாரு, பல்லுப் பல்லா இல்ல? அதைத்தான் களையெடுக்கச் சொல்லியிருக்காரு.”

அட கண்றாவியே! தினம் நாங்கள் கொத்தி எறிகிற களை அது. அதற்குப் பெயர் வைக்கவேண்டும் என்றுகூட எங்களுக்குத் தோன்றியதில்லை. அதற்குப் போய்ச் சிங்கத்தைக் கூப்பிட்டிருக்கிறார்கள்! தொரையின் ஊரில் புல்தரைக்கு அதுதான் முதல் எதிரியாம். ஆனால் அதே செடியின் பிஞ்சு இலையைக் கீரையாகத் தின்பார்களாம். பூ முற்றிப் பஞ்சானதும் பிள்ளைகள் அதை ஊதி, எத்தனை ஊதலில் பறந்து தீருகிறதோ அத்தனை மணி என்பார்களாம். உண்மையான டாண்டிலயன் நம் வெக்கையில் முளைக்கவே முளைக்காது என்று பின்னால் கிராணியே சொன்னார். பாவம், அந்த மனுசர் கண்ணில் பட்ட மஞ்சளையெல்லாம் தன் ஊர்ப் பூவின் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்.

விஷயம் புரிந்ததும் பெரட்டே சிரித்தது. தொரையும் தொடையைத் தட்டிச் சிரித்தார். எனக்கு மட்டும் சுருக்கென்றது.

“சிரிக்காதீங்க தொரே. நீங்க ஒரு பூ பேரு சொன்னீங்க. நாங்க ராத்திரியெல்லாம் மூட்டை கட்டினோம். உங்க வாயில வர்ற ஒரு வார்த்தையிலதான் எங்க வீடு நிக்குது.”

கிராணி தயங்கினார். “அப்படியே சொல்லுங்க ஐயா, ஒரு எழுத்து குறையக்கூடாது” என்றேன். சொன்னார். தொரையின் சிரிப்பு நின்றது. கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, தொண்டையைச் செருமிக்கொண்டு தமிழில் சொன்னார்: “டாண்டி லயன் இருக்கும். பூ போகும்.”

லயனில் மூட்டைகள் அவிழ்ந்தன. பக்கத்து வீட்டுக்காரி மரவள்ளிக் குச்சியைத் திரும்ப நட்டாள். மண்டோர் மட்டும் தோற்கவில்லை. “அவரு ஒழுங்கா உச்சரிச்சிருக்கணும்லா” என்று பார்த்தவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து வீணாகப் பதறுகிறவர்களைப் பார்த்து, “என்ன, டாண்டிலயனா?” என்று கேட்பது எங்கள் தோட்டத்து வழக்கமாகிவிட்டது.

சனிக்கிழமை, தொரை சொன்னபடி, களையெடுத்துக்கொண்டே எங்கள் லயனுக்குப் பின்புறம் வந்துவிட்டோம். நானும் ஒன்று விடாமல் கொத்தினேன். கொய்யா மரத்தடி மேட்டில் ஒரு செடி, ஒரே ஒரு பூவோடு நின்றது. அங்கே வந்ததும் என் கை ஓடவில்லை. வேலையை மேற்பார்வையிட வந்த தொரை பக்கத்தில் நின்று, பிரம்பால் அதைச் சுட்டினார்.

“டாண்டிலயன்.”

“இல்ல தொரே,” என்றேன். “இது எங்க லயன்.”

மொழிபெயர்க்கக் கிராணி அங்கே இல்லை. தொரை என் முகத்தைப் பார்த்தார். மேட்டைப் பார்த்தார். அது எவ்வளவு சின்னது என்று பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். கொஞ்சம் நின்றுவிட்டு அடுத்த வரிசைக்குப் போனார்.