அறுபத்திரண்டுக்கு ஒன்று

டட்டன் வீட்டில் அண்ணன் தம்பி இருவர். மூத்தவன் ஆல்வா மலையை விட்டு இறங்கி, ஊருக்குள் கடை போட்டு, ஊர்ச் சபைக்கும் தலைவனாகிவிட்டான். இளையவன் லைமன் மலையிலேயே மாடுகளோடு தங்கிவிட்டான். லைமனின் மனைவிதான் எலெக்டா. மரம் அறுக்கும் ஆலைக்காரரின் ஐந்தாவது மகள், அப்பனைப் போலவே பிடித்த பிடியை விடாதவள்.

பதினேழு வருடமாக லாந்தர் வெளிச்சத்தில் பால் கறந்தாள். நாலு வீட்டுக்காகக் கம்பம் நட முடியாது என்று மின்சாரக் கம்பெனி கைவிரித்துவிட்டது. ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் ஆட்களோ மலை வீடுகளுக்கும் கம்பி இழுப்போம் என்றார்கள். ஆனால் குடியரசுக் கட்சி பிறந்த நாளிலிருந்து அவர்கள் இருந்த வெர்மான்ட் மாநிலம் வேறு கட்சிக்குப் போனதே இல்லை. மாற்றி ஓட்டுப் போடுவது, தேவாலயத்தில் தொப்பியைக் கழற்றாமல் உட்காருவதைப் போல ஒரு அவமரியாதை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருடம் நவம்பர், ஜனாதிபதித் தேர்தல். ஊர் மன்றத்தில் எல்லோரும் பார்க்க ஆல்வா ஓட்டுச் சீட்டுகளைப் பிரித்தான். எல்லாம் குடியரசுக் கட்சி வேட்பாளருக்கே: லாண்டன், லாண்டன், லாண்டன். கடைசியில் ஒரு சீட்டைப் பார்த்ததும் முகம் சுருங்கி, அதை ஓரமாகத் தள்ளினான்.

"இது செல்லாது. குறி கட்டத்துக்கு வெளிய போயிருக்கு. லாண்டன் அறுபத்திரண்டு, வேற யாருக்கும் ஒண்ணும் இல்ல! நாளைக்குப் பேப்பர்ல நம்ம ஊர் பேரு வரும்."

கைதட்டல் அடங்குமுன் எலெக்டா எழுந்துவிட்டாள்.

"அது யாரு பேருக்கு நேரா இருக்கு, அத்தான்?"

"செல்லாததுக்குப் பேரு எதுக்கும்மா?"

வாயை மூடிக்கொண்டால் யார் போட்டது என்று ஒருவருக்கும் தெரியாது. திறந்தால் ஊரே முகம் திருப்பும். அவள் திறந்தாள்.

"அது என்னோடது. வால்தான் வெளிய போயிருக்கு, நடு கட்டத்துக்குள்ளதான் இருக்கு. தூக்கிக் காட்டுங்க."

"லைமன்! உன் பொண்டாட்டிய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போடா. மானம் போகுது."

லைமன் தொப்பியைத் திருகிக்கொண்டே சொன்னான்: "வண்டி ஓட்டிட்டு வந்ததே அவதான்ணே. அவ கிளம்பினாத்தான் நானும் கிளம்பணும்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். எலெக்டா மேசைக்கு முன்னால் போய் நின்றாள்.

"நீங்க படிக்கிற வரைக்கும் நகரமாட்டேன். மாடு கத்தினா கத்தட்டும்."

எழுத்தர் கிழவர் ஹிராம் சீட்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். "உள்ளதான் இருக்கு, ஆல்வா. நான் எழுதப்போறேன்."

"ரூஸ்வெல்ட் ஒண்ணு," என்று ஆல்வா முணுமுணுத்தான்.

"காதுல விழல, அத்தான்."

"ரூஸ்வெல்ட் ஒண்ணு!"

மறுநாள் மாவு வாங்க ஆல்வாவின் கடைக்குப் போனாள். அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவன், "வந்துட்டாய்யா ஒத்த ஓட்டு!" என்றான். மற்றவர்கள் நகர்ந்துகூட வழிவிடவில்லை. அந்த நேரம் பார்த்து ரேடியோ கணக்குச் சொன்னது: நாற்பத்தாறு மாநிலங்கள் ரூஸ்வெல்ட் பக்கம். லாண்டன் பக்கம் மெய்ன், வெர்மான்ட், இரண்டே இரண்டு.

"இப்ப சொல்லுங்கய்யா, ஒத்தையா நிக்கிறது நானா, நீங்களா?"

ஆல்வா எட்டி ரேடியோவை அணைத்தான்.

"அணைச்சா எண்ணிக்கை மாறிடுமா, அத்தான்?" என்று கேட்டுவிட்டு, மாவு மூட்டையைத் தானே தோளில் தூக்கிக்கொண்டு அவர்கள் நடுவாகவே நடந்துபோனாள்.