கெங்கம்மாள் அவிழ்த்த காப்பு

கெங்கம்மாள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு தெரு. அந்தத் தெருதான் வார்டு எல்லை. அவள் வீடு ஊர் வார்டில், என் வீடு ஏரி வார்டில். தண்ணி லாரி அவள் பக்கம் வந்தால் நான் குடத்தோடு கிட்டே போக முடியாது. "நீ அந்த வார்டும்மா, ஒன் லாரி வரும், போ" என்பான் லாரிக்காரன். என் லாரி எப்போது வரும் என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. சாக்கடை அடைத்துக்கொண்டால் அந்தக் கவுன்சிலர் இந்தக் கவுன்சிலரைக் கை காட்டுவார், இவர் அவரைக் காட்டுவார். இதற்கு ஒரு தேர்தல், விரலில் மை, வெயிலில் வரிசை. எனக்கு எப்போதோ அலுத்துவிட்டது. கெங்கம்மாளுக்கும் அலுத்துத்தான் இருந்தது. ஆனால் அவள் அலுத்துக்கொண்டே அடுத்த மனுவுக்குக் கிளம்புகிற ரகம்.

எங்கள் காலனி சென்னை ஓரத்தில், நூம்பலுக்கு அந்தாண்டை இருக்கிறது. எங்கள் அப்பா அம்மா நாற்று நட்ட கழனிகளில் இப்போது அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன. கெங்கம்மாள் அதில் ஒன்றில் மாடிப்படி பெருக்குகிறாள். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் துணிக் கம்பெனிக்குப் போகிறேன். ஊராட்சியாக இருந்தவரை காலனி முழுவதும் ஒரே வார்டு. எங்களில் ஒருத்தர் உறுப்பினராக இருந்தார். நகராட்சியோடு சேர்த்தபோது எவனோ ஒருவன் வரைபடத்தில் எங்கள் தெருமேல் ஒரு கோடு போட்டான். ஒரு பாதி பழைய ஊரோடு போயிற்று, மறுபாதி அடுக்குமாடிக்காரர்களோடு போயிற்று. இரண்டு இடத்திலும் நாங்கள் கொஞ்சூண்டு. முழுசாக இருந்தால் அது தனி வார்டாகும், பட்டியல் சாதிக்கென்று ஒதுக்குவார்கள். பாதி பாதியாக இருந்தால் எங்கேயும் ஒதுக்க வேண்டாம். எவ்வளவு சுலபம் பாருங்கள்.

அப்போதே கெங்கம்மாள் எல்லோரிடமும் காசு சேர்த்து வழக்குப் போட்டுப் பார்த்தாள். விசாரித்த நீதிபதி ஓய்வு பெற்றார். அடுத்தவர் மாற்றலாகிப் போனார். மூன்றாமவர் வழக்குக் கட்டைப் பிரிப்பதற்குள் தேர்தல் முடிந்து, கவுன்சிலர்கள் மாலை போட்டுக்கொண்டு பதவி ஏற்றுவிட்டார்கள்.

போன வருஷம் மறுபடியும் ஊர்களைச் சேர்த்தார்கள், வார்டுகளை மறுபடியும் பிரித்தார்கள். புதுக் கோடு எங்கே என்று போய்ப் பார்த்தோம். அதே தெருவில்தான் இருந்தது. ஆட்சேபணை இருந்தால் சொல்லலாம் என்றார்கள். கெங்கம்மாள் தன் பேரில் மனு கொடுத்தாள்.

கொடுத்துவிட்டு, ஆடி பிறந்ததும் கெங்கையம்மன் கோயிலில் காப்பு கட்டிக்கொண்டாள். அவள் மகன் கிஷோர் பைபாஸில் பைக்கோடு விழுந்து, பிழைப்பானா என்று கிடந்தவன். எழுந்து நடந்தால் தீ மிதிக்கிறேன் என்று வேண்டியிருந்தாள். அவன் நடந்துவிட்டான். எங்கள் காலனியில் மஞ்சள் காப்பு மணிக்கட்டில் ஏறிவிட்டால் தீமிதி முடிகிறவரை எல்லைக்கல்லைத் தாண்டக் கூடாது. வேலைக்குக்கூடப் போகமாட்டார்கள். தாண்டினால் வேண்டுதல் முறிந்து போகும், எதற்காக வேண்டினோமோ அதற்கே ஆபத்து என்பார்கள். அந்த வருஷம் காலனியில் முக்கால்வாசிப் பேர் கையில் காப்பு இருந்தது.

விசாரணைத் தேதி அதற்குப் பிறகுதான் வந்தது. வெள்ளிக்கிழமை காலை, எல்லைக்கல்லுக்கு வெளியே நகராட்சி ஆபீசில். தீமிதி ஞாயிற்றுக்கிழமை.

பூசாரி வீராசாமியைச் சுற்றி உட்கார்ந்து பேசினோம். "கட்டுனவங்க யாரும் தாண்டக் கூடாது. கட்டாதவங்க போங்க" என்றார். கட்டாதவர்கள் யார்? பங்காளி வீட்டில் சாவு விழுந்ததால் நான் கட்டவில்லை. எலக்ட்ரீசியன் அமல்ராஜ் கட்டவில்லை, அவன் மாதா கோயிலுக்குப் போகிறவன். நன்றாகப் பேசுவான், பேன்ட் சட்டை போட்டால் ஆபீசர் மாதிரி இருப்பான். "நான் பாத்துக்கிறேன்க்கா, நீ கவலப்படாத" என்றான் கெங்கம்மாளிடம். எல்லோருக்கும் திருப்தி. எங்களைப் போன்ற புத்திசாலிகள் உலகத்தில் உண்டா?

வெள்ளிக்கிழமை நானும் அமல்ராஜும் போனோம். எங்கள் முறை வந்ததும் அவன் அழகாகத்தான் ஆரம்பித்தான். அதிகாரி கையை உயர்த்தி நிறுத்தினார்.

"உங்க பேரு?"

"அமல்ராஜ் சார்."

"கிறிஸ்டியனா?"

"ஆமா சார்."

"பட்டியல் சாதி ஜனத்தொகையப் பிரிச்சுட்டாங்கன்றதுதானே மனு? அந்தக் கணக்குல நீங்க வரலையே."

அமல்ராஜ் தாத்தா காலத்தில் கிறிஸ்தவத்துக்கு மாறிய குடும்பம். அதே தெரு, அதே குழாய், அதே சுடுகாட்டுப் பாதை. ஊர்ப்பக்கத்து டீக்கடையில் அவன் தாத்தாவுக்கும் தனி டம்ளர்தான். சர்க்கார் கணக்கில் மட்டும் அவன் வேறு. இது எங்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். தெரிந்தே அவனை அனுப்பினோம், ஏனென்றால் எங்கள் கண்ணுக்கு அவன் காலனிக்காரன்.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "நீங்கதான் கெங்கம்மாளா?"

"இல்ல சார், கோமளா. அவங்க காப்பு கட்டிக்கினு கீறாங்க, வரக்கூடாது."

பக்கத்தில் இருந்த ஒருவர் சிரித்தார். "மனுதாரர் வரணும்மா. சாப்பாட்டுக்கு முன்னாடி வந்தா கேக்கறோம். இல்லன்னா தள்ளுபடி" என்றார் அதிகாரி.

வெளியே வந்து அமல்ராஜ் போன் போட்டான். "யக்கா, நீதான் வரணுமாம்" என்றான். போனை என்னிடம் கொடுத்தான். "வேணாங்க்கா, வுட்டுடு. புள்ள வெசயம்" என்றேன். மனசாரத்தான் சொன்னேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

எல்லைக்கல்லில் நடந்ததை வீராசாமி பிற்பாடு சொன்னார். கல்லுக்கு இந்தப் பக்கமே ரொம்ப நேரம் நின்றாளாம். அவர் வேண்டாம் என்று தடுத்தாராம். "எம்புள்ளைக்கு ஒண்ணும் ஆவக்கூடாது ஆத்தா, கோவம்னா என்மேல காட்டு" என்று அழுதுகொண்டே பல்லால் கடித்துக் காப்பை அவிழ்த்து, கல் மேல் வைத்துவிட்டு, ஷேர் ஆட்டோவுக்குக் கை நீட்டினாளாம்.

அவள் உள்ளே வந்தபோது மணிக்கட்டில் மஞ்சள் கறை மட்டும் இருந்தது. அவள் என்னைப் பார்க்காமல் நேராக அதிகாரி முன்னால் போய் நின்றாள்.

"ஒரே தெரு சார். எங்கள ரெண்டா வெட்டிட்டீங்க. இந்தாண்ட போனா அந்தாண்ட போன்றாங்க, அந்தாண்ட போனா இந்தாண்ட போன்றாங்க. எங்கள ஒண்ணா வுடுங்க, அது போதும்."

"தெருன்றது தெளிவான எல்லைம்மா. சரி, பதிவு பண்ணிக்கிறோம்" என்றார். அடுத்த பேரைக் கூப்பிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் தீ மிதித்தார்கள். கெங்கம்மாள் கயிற்றுக்கு வெளியே என் பக்கத்தில் நின்று பார்த்தாள். கிஷோர் கூட்டத்தில் எங்கே இருக்கிறான் என்றுதான் அவள் கண் தேடிக்கொண்டிருந்தது. மார்கழியில் முடிவான பட்டியல் வந்தது. கோடு அதே இடத்தில் இருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. குழாயடியில் பேசிக்கொண்டார்கள். "காப்ப அவுத்துட்டு எல்லையத் தாண்டுனா ஆத்தா எப்படிக் குடுப்பா? அதான் வார்டு கெடைக்கல." கோடு போட்டவனை ஒருத்தி திட்டவில்லை. பதிவு பண்ணிக்கொள்கிறோம் என்றவரை ஒருத்தி திட்டவில்லை. நான் சண்டைக்குப் போனேன். கெங்கம்மாள் என் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். "வுடு கோமளா, நமக்குள்ள இன்னாத்துக்கு" என்றாள். கிஷோர் நன்றாகத்தான் இருக்கிறான். ஆனால் அவன் வண்டி வர நேரமானால் அவள் வாசலுக்கும் தெருமுனைக்கும் நடக்கிறாள். அதை நான் எதிர்வீட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இந்த ஆடியில் மறுபடி காப்பு கட்டினார்கள். வீராசாமி நல்ல மனுஷன். போன வருஷத்தைப் பற்றி எதுவும் பேசாமல், மஞ்சள் கயிற்றோடு அவள் முன்னால் வந்து நின்றார். "பாக்கி கீதே தாயி, கைய நீட்டு. இந்த வாட்டி மிதிச்சுடு, மனசு ஆறும்."

கெங்கம்மாள் அம்மனைப் பார்த்துக் கும்பிட்டாள். பிறகு இரண்டு கையையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"வேணாம் நைனா" என்றாள். "திரும்ப மனு குடுத்துகீறேன். அவங்க எப்போ கூப்புடுவாங்கன்னு தெரியாது."