போன் வாங்கி வைக்கிற வேலை

அடுத்தவர் போனை வாங்கி வைக்கிற வேலை, மடியில் தூங்குகிற பிள்ளையைக் கைமாற்றி வாங்குகிற மாதிரி. கொடுக்கிறவருக்கு மனசு வராது, வாங்குகிறவருக்குப் பயமாக இருக்கும். மன்னார்குடி பக்கம் ஒரு கல்லூரியில் நான் உதவியாளராக இருக்கிறேன். என் படிப்பு எட்டாவதோடு நின்றுவிட்டது. வகுப்பறையில் பெரிய திரையைப் போட்டு அணைப்பது, மைக் எடுத்துக் கொடுப்பது, தேர்வு நேரத்தில் பிள்ளைகளின் போன்களை வாங்கி வைப்பது, இதெல்லாம்தான் என் வேலை. பள்ளிக்கூடத்திலோ கல்லூரியிலோ இருக்கிறவர்களுக்கு, அதை விடுங்கள், வீட்டில் ஒரு போனும் ஒரு பிள்ளையும் வைத்திருக்கிற எல்லோருக்குமே நான் படுகிற பாடு புரியும்.

துணிப் பை

தேர்வு அறை வாசலில் ஒரு நீளத் துணி தொங்கும். அதில் வரிசை வரிசையாகச் சின்னப் பைகள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு ரோல் நம்பர். போனை அணைத்து, அவரவர் பையில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போகணும். நான் சத்தமாகப் பேசுகிறவள் இல்லை. புதிதில் "போனை வைங்க" என்று சொல்லவே வாய் வராது. துணிப் பக்கம் கையைக் காட்டிக்கொண்டு நிற்பேன். என் மகளிடம் போனைப் பிடுங்கினால் உதட்டைப் பிதுக்குவாளே, அதே முகத்தோடு இந்தப் பெரிய பிள்ளைகளும் வைத்துவிட்டுப் போவார்கள்.

ஒருநாள் மூன்றாம் ஆண்டுப் பையன் ஒருவன் வைத்த போன் கைக்கு ரொம்ப லேசாக இருந்தது. புரட்டிப் பார்த்தேன், பின்னால் பேட்டரியே இல்லை. நான் சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கி நிற்கும்போதே, உள்ளே இருந்த சார் அவன் காலுறைக்குள்ளிருந்து நிஜப் போனை எடுத்துவிட்டார். வெளியே அனுப்பப்பட்டவன் என்னைத் தாண்டிப் போகும்போது வருத்தமே இல்லாமல் சொன்னான்: "போனை வைக்கணும்னுதானக்கா சொன்னாங்க. ஓடுற போனுன்னு யாரும் சொல்லலையே."

சாய்ஸ்

பிள்ளைகளை மட்டும் குறை சொன்னால் அது நியாயமில்லை. ஒரு தேர்வுக்கு வினாத்தாளை நகல் எடுத்து, அடுக்கி, நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் அறைக்குள் ஒரு குசுகுசுப்பு. அப்புறம் அடக்க முடியாத சிரிப்பு. தாளின் கடைசி வரியில், "நீங்கள் விரும்பினால் இன்னும் ஐந்து வினாக்கள் தயாரித்துத் தருகிறேன்" என்று அச்சாகியிருந்தது. தாளைத் தயாரித்த சார் போனிடம் கேட்டு வாங்கிய கேள்விகள். அது பணிவாகச் சொன்ன கடைசி வார்த்தையை அழிக்க மறந்துவிட்டார்.

சார் நல்ல மனுஷர்தான். ஆனால் அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. நாங்கள் வாசலில் போனை வாங்கி வைக்கிறோம், அதுவோ தாளுக்குள் ஏறி உள்ளே போய்விட்டது. பின் வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து மரியாதையாகவே கேட்டாள்: "அந்த அஞ்சையும் வாங்கி சாய்ஸ்ல குடுத்திருக்கலாமே சார்."

காகிதத்தின் அடியில்

மாலதி மேடம் ஊரக வளர்ச்சி பாடம் எடுக்கிறவர். உங்கள் ஊர் விவசாயத்தைப் பற்றி வீட்டில் கேட்டு எழுதி அனுப்புங்கள் என்று இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் சொல்லியிருந்தார். வந்த கட்டுரைகளை எல்லோரும் பார்க்கத் திரையில் போடச் சொன்னார். போட்டேன். முதல் கட்டுரையில், "டெல்டா விவசாயிகள் காகிதத்தின் அடியில் பயிரிடுகின்றனர்" என்று இருந்தது. மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். அடுத்த கட்டுரையிலும் காகிதம். அதற்கடுத்ததிலும் காகிதம்.

தாளடியைத்தான் போன் அப்படிப் புரிந்துகொண்டிருக்கிறது. குறுவை நெல் அறுத்தபின் வயலில் நிற்கிற தாளை மடக்கி உழுது, அதன்மேல் அடுத்த நடவு நடுகிறோமே, அதுதான் தாளடி. எங்கள் பக்கம் இது தெரியாத வீடு கிடையாது. பிள்ளைகள் இங்கிலீஷில் கேட்டு, வந்ததைத் தமிழாக்கி, ஒரு தடவை படித்துக்கூடப் பார்க்காமல் அனுப்பியிருக்கிறார்கள். ஜன்னலுக்கு வெளியே தெரிந்த வயலில் அன்றைக்குத் தாளடி நடவுதான் நடந்துகொண்டிருந்தது. மேடம் கோபப்படவில்லை, வீட்டில் கேட்டிருக்கலாமே என்று மட்டும் கேட்டார். முன் வரிசைப் பெண் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: "அம்மா நடவுக்குப் போயிட்டாங்க மேடம். போன்தான் வீட்டுல இருந்துச்சு."

சிவப்பு

ஒரே ஒரு கட்டுரையில் தாளடி தாளடியாகவே இருந்தது. எழுதியவள் கவிதா. எங்கள் ஊர்ப் பெண், எனக்கு அடுத்த தெரு. மேடம் சந்தோஷப்பட்டார். ஆனால் மிஷின் எழுதிய வரிகளைச் சிவப்பாகக் காட்டுகிற ஒரு மென்பொருள் கல்லூரியில் உண்டு. எல்லாவற்றையும் அதில் போட்டபோது, கவிதாவின் பக்கமும் மேலிருந்து கீழ்வரை சிவந்து நின்றது. மற்றவர்கள் ஒப்புக்கொண்டு பூஜ்யம் வாங்கிக்கொண்டார்கள். கவிதாவால் அது முடியாது. அம்மை போட்டிருந்ததால் முந்தின தேர்வுக்கு அவள் வரவில்லை. இதிலும் பூஜ்யம் விழுந்தால் அந்தப் பாடமே போய்விடும். ஒரு பாடம் போனாலும் படிப்பு போதும் என்று அவள் அப்பா சொல்லி வைத்திருப்பது எங்கள் தெருவுக்கே தெரியும்.

அம்மாவைக் கேட்டுத்தான் எழுதினேன் என்று கவிதா அழுதாள். அந்தச் சிவப்பு சில நேரம் தப்பாகவும் காட்டும் என்று மேடத்துக்கும் தெரியும். அவள் அம்மாவைக் கூட்டி வர என்னை அனுப்பினார். வரப்பில் நின்றுகொண்டு விஷயத்தைச் சொல்வதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. கவிதாவின் அம்மா செல்வி அக்கா கையிலிருந்த நாத்து முடியைப் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டு, வாய்க்காலில் காலை அலசிக்கொண்டு அப்படியே வந்தார். வீட்டுக்குப் போய்ப் புடவை மாற்றினால் கவிதா அப்பாவுக்குத் தெரிந்துவிடும் என்றார்.

மேடத்தின் முன்னால் நாற்காலி போட்டும் அவர் உட்காரவில்லை. அம்மாவைப் பார்த்ததும் கவிதா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். வயலில் அம்மா பேசியதைப் போனில் பதிவு செய்திருக்கிறாள். அதைக் கொடுத்து, நல்ல தமிழில் மாற்றித் தரச் சொல்லியிருக்கிறாள். போன் மாற்றித் தந்ததைத்தான் அனுப்பியிருக்கிறாள். மேடம் திரையில் இருந்ததை வாசித்துக் காட்டினார். "அறுவடைக்குப் பின் எஞ்சும் தாள்கள் மண்ணோடு கலந்து, அடுத்த பயிருக்கு வளம் சேர்க்கின்றன." செல்வி அக்கா முழுக்கக் கேட்டுவிட்டு, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்: "நான் சொன்னதை அதுவே இவ்வளவு அழகா எழுதிடும்னா, எம் பொண்ணை எதுக்குங்க டீச்சர் காலேஜுக்கு அனுப்பணும்?"

குரல்

மேடம் பதிவு இருக்கிறதா என்று கவிதாவிடம் கேட்டார். போனை நான் வகுப்பறை ஸ்பீக்கரோடு சேர்த்துவிட்டேன். காற்று, கொக்குச் சத்தம், யாரோ நாத்து கேட்டுக் கூப்பிடுகிற சத்தம். அதற்கு நடுவில் செல்வி அக்கா: "தாளு மக்குற நாத்தம் இருக்கே, அது கால்லயே ஒட்டிக்கும்டி. பொழுது சாஞ்சு வந்து சோப்புப் போட்டாலும் போவாது. சோறு திங்கையிலயும் வரும்." தன் குரல் அவ்வளவு பெரிதாகக் கேட்டதும் செல்வி அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். யாரும் சிரிக்கவில்லை.

இந்த நாத்தம் கட்டுரையில் எங்கே போச்சு என்று மேடம் கேட்டார். கவிதாவுக்குத் தெரியவில்லை, போன் எடுத்துவிட்டிருந்தது. நீ பொய் சொல்லவில்லை, ஆனால் இது நீ எழுதினதும் இல்லை என்று மேடம் சொன்னார். போனை வைத்துவிட்டு இப்போதே உட்கார்ந்து எழுதச் சொன்னார். நான் துணியை நீட்டினேன். அவள் தன் நம்பர் பையில் போனைப் போட்டாள். செல்வி அக்கா வராந்தாவில் தூண் ஓரமாக உட்கார்ந்திருந்தார். எழுத்துப் பிழைகளோடு, அடித்தல் திருத்தல்களோடு ஒரு கட்டுரை வந்தது. தாமதத்துக்கு மார்க்கைக் குறைத்துத்தான் போட்டார் மேடம், ஆனாலும் பாடம் தப்பித்துவிட்டது. செல்வி அக்கா மிச்ச நடவுக்குப் போய்விட்டார்.

போனைத் திருப்பிக் கொடுக்கும்போது, கேட்கக் கூச்சமாக இருந்தாலும் கேட்டுவிட்டேன், அம்மா பேசியதை அப்படியே எழுதியிருக்கலாமே என்று. கவிதா போனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அம்மா பேசுறது காலேஜுல குடுக்கிற தமிழ் இல்லைன்னு நெனச்சுட்டேன்க்கா."

இப்போதெல்லாம் ஒவ்வொரு போனையும் பையில் போடும்போது, உள்ளே யாருடைய அம்மா பேசிக்கொண்டிருக்கிறாரோ என்று கொஞ்சம் மெதுவாகத்தான் வைக்கிறேன்.