ஐந்தாவது வட்டம்

அந்த யோசனை எனக்குத் தோன்றியபோது சித்தியின் மடியில் ஒரு முறம் கறிவேப்பிலை இருந்தது. தொலைக்காட்சியில் வினாடி வினா ஓடிக்கொண்டிருந்தது. தி.நகர் புடவைக் கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்தவள், காலை நீட்டி உட்கார்ந்து இலைகளை உருவிக்கொண்டே, திரையைக்கூடப் பார்க்காமல் போட்டியாளருக்கு முன்பாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். கேள்வி முடிவதற்குள், "ரெண்டாவது." அடுத்ததற்கு, "நாலாவது. அதுதான்." பெரும்பாலும் சரியாக இருந்தது. "உனக்கு எப்படி சித்தி தெரியும்?" என்றேன். "தெரியும்னெல்லாம் சொல்ல முடியாதுடி. ஆனா அதுதான்" என்றாள்.

எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. மருத்துவ நுழைவுத் தேர்வு எழுதி, பல் மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்த புதிது. உலகத்தில் உள்ள எந்தத் தேர்வையும் எப்படி எழுத வேண்டும் என்பது எனக்குத் தெரியும் என்று நான் நம்பிய காலம். சித்தி பன்னிரண்டாவது வரை படித்தவள். கல்யாணமாகி இரண்டே வருடத்தில் திரும்பி வந்து, மந்தைவெளியில் எங்கள் வீட்டு நடு அறையில் ஒரு பீரோவும் ஒரு பாயுமாக வாழ்ந்துகொண்டிருந்தாள். யாராவது முகவரி கேட்டால் "அக்கா வீடு" என்றுதான் சொல்வாள். அரசு எழுத்தர் வேலைக்கான தேர்வு எழுதலாமே என்றதும் சித்தி கேட்டது சம்பளம் எவ்வளவு என்று அல்ல. "தனியா ஒரு ரூம் எடுக்கிற அளவுக்கு வருமாடி?" என்றாள். அவளுக்கு வயது வரம்பு நெருங்கிக்கொண்டிருந்தது. அதிகம் போனால் இரண்டு தேர்வுகள் எழுதலாம்.

உடனே ஆரம்பித்துவிட்டேன். பாடங்களுக்கு வண்ண வண்ணமாகக் கோடு போட்டேன். ஒரு பாடத்தை ஒரே மூச்சில் முடிக்காமல் இடைவெளி விட்டுத் திரும்பப் படிக்கச் சொன்னேன். புத்தகத்தை மூடி வைத்துவிட்டுத் தனக்குத்தானே சொல்லிப் பார்க்கச் சொன்னேன். இதெல்லாம் நல்ல யோசனைகள்தான், இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். சித்தி அவற்றைத் தன் போக்கில் மாற்றிக்கொண்டாள். புடவை மடிக்கும்போது பக்கத்தில் நிற்கும் பெண்களிடம் கேள்வி கேட்பாள். பட்டினப்பாக்கம் பேருந்தில் வரும்போது, யாரோ கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல வாய் அசைத்துக்கொண்டு வருவாள். "கண்டக்டரு என்னை ஒரு மாதிரியா பாக்குறான்டி, வட்டி கணக்கு முணுமுணுத்துக்கினு இருந்தேன்" என்று சிரிப்பாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் லஸ் பூங்காவின் சிமெண்டு பெஞ்சில் மாதிரித் தேர்வு. நான் எழுதிப் பழகிய விடைத்தாளையே நகலெடுத்து வைத்திருந்தேன். ஒரு கேள்விக்கு நான்கு வட்டங்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறையும் என்பது என் தேர்வின் விதி, அதனால் எல்லாத் தேர்வுக்கும் அதுவே விதி என்று நினைத்துக்கொண்டேன். ஊகித்து எழுதிய ஒவ்வொன்றுக்கும் சிவப்பு மையில் கழித்துக் காட்டினேன். "உறுதியா தெரிஞ்சாதான் கை வைக்கணும் சித்தி. சந்தேகம் வந்துச்சுன்னா கை வைக்கவே கூடாது."

சித்திக்கு அது ஒட்டவில்லை. "கடையில நாலு புடவையை வெச்சுக்கினு முழிக்கிறவங்ககிட்ட நான் இன்னா சொல்லுவேன் தெரியுமா? மனசு முதல்ல எதுல நின்னுச்சோ, அதையே எடுங்கம்மா. அது தப்பா போனதே இல்ல."

"இது புடவை இல்ல சித்தி."

"ஆமாமா. புடவைன்னா மாத்திக்கலாம்" என்று சிரித்துவிட்டு, அடுத்த வாரத்திலிருந்து சந்தேகம் வந்த இடங்களையெல்லாம் காலியாக விட ஆரம்பித்தாள். கற்றுக்கொண்டாள் என்று நான் பெருமைப்பட்டேன்.

தேர்வு கே.கே. நகரில் ஒரு பள்ளியில் நடந்தது. வாசலில் கரும்புச் சாறு வாங்கி வைத்துக்கொண்டு காத்திருந்தேன். சித்தி முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள். "நீ சொன்ன மாதிரியே செஞ்சேன்டி. சந்தேகம் வந்ததுல ஒண்ணுலயும் கை வைக்கல. இதுல காலியா விடக் கூடாதாம், அஞ்சாவதா ஒரு வட்டம் கீது. 'விடை தெரியவில்லை'ன்னு. எல்லாத்துக்கும் அதைக் கறுப்பாக்கிட்டு வந்துட்டேன்."

தவறுக்கு எவ்வளவு குறைப்பார்கள் என்று கேட்டேன். சித்தி சாற்றை ஒரு மிடறு விழுங்கினாள். "குறைக்கிறதா? கேள்வித்தாள் முதல் பக்கத்துல எல்லாம் படிச்சேனே. தப்புக்குக் கழிப்போம்னு எங்கயும் போடல. எனக்கே ஒரு மாதிரியா இருந்துச்சு. அப்புறம், நீ காரணமில்லாம சொல்லுவியான்னு நினைச்சேன்."

அந்த முதல் பக்கத்தை நான் ஒருமுறைகூடப் படித்ததில்லை. இத்தனை மாதம் சொல்லிக்கொடுத்த நான், அவளுடைய தேர்வின் விதிகளைத் திறந்தே பார்க்கவில்லை. அவள் படித்திருந்தாள், புரிந்தும் வைத்திருந்தாள். எனக்காக அதை ஒதுக்கி வைத்திருந்தாள்.

அன்று மாலை அவள் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்க, அவள் கொண்டுவந்திருந்த கேள்வித்தாளில் ஐந்தாவது வட்டத்துக்குப் போன கேள்விகளைக் கேட்டுக் குறித்துக்கொண்டு ஒவ்வொன்றாக வாசித்தேன். "மூணாவது." "முதலாவது. அதுதான்." ஒரு பயிற்சி மையம் வெளியிட்டிருந்த விடைகளோடு கைப்பேசியில் ஒப்பிட்டுப் பார்க்கப் பார்க்க என் குரல் இறங்கிக்கொண்டே போனது. பாதிக்கு மேல் சரி. சித்தி நிமிர்ந்து பார்த்துவிட்டு, "வெங்காயம் எனக்கு, கண்ணுல தண்ணி உனக்கா? போதும் விடு" என்றாள். தேர்ச்சிக்குரிய மதிப்பெண்ணைச் சில கேள்விகள் அளவில் அவள் தவறவிட்டது பிறகு தெரிந்தது. அடுத்த நாள் காலையில் வழக்கம்போலக் கடையின் பெயர்ப்பட்டையைப் புடவையில் குத்திக்கொண்டு கிளம்பிப் போனாள்.

திட்டியிருந்தால் ஆறியிருக்கும். அவள் திட்டவில்லை. பக்கத்து வீட்டு அக்காவிடம், "எங்க பொண்ணுதான் எனக்கு வாத்தியார்" என்று அதன் பிறகும் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு முறையும் நான் உள்ளறைக்குப் போய்விடுவேன். போகிற வழியில் அந்தப் பீரோவையும் பாயையும் தாண்டித்தான் போக வேண்டும்.

இப்போது அடுத்த தேர்வு அறிவிப்பு வந்திருக்கிறது. வயதுக் கணக்குப்படி அவளுக்கு இதுவே கடைசி. நேற்று மாலை மறுபடியும் அதே தொலைக்காட்சி நிகழ்ச்சி, அதே முறம், அதே கறிவேப்பிலை. ஒரு வித்தியாசம், அவள் இப்போதெல்லாம் திரையைப் பார்க்கிறாள். கேள்வி முடிந்த பிறகும் வாயைத் திறப்பதில்லை. போட்டியாளர் சொன்ன பிறகு, "அதைத்தான் நெனச்சேன்" என்கிறாள். அந்தத் தயக்கத்தை நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

விளம்பர இடைவேளையில் என் பக்கம் திரும்பினாள். "இந்தத் தபா இன்னாடி பண்ணலாம்? நீ சொல்லு."

வழக்கமாக அவள் கேட்டு முடிப்பதற்குள் என்னிடம் பதில் இருக்கும். நேற்றோ, "எனக்குத் தெரியல சித்தி" என்றேன்.

"அப்போ அஞ்சாவது வட்டத்தைப் போட்டுக்கோ" என்று சொல்லி, ஒரு கறிவேப்பிலைக் காம்பை என்மேல் எறிந்தாள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் லஸ் பூங்காவுக்குப் போகிறோம். சிவப்புப் பேனாவை வீட்டிலேயே வைத்துவிடுவேன். கேள்வியை வாசிப்பேன், மனசு முதலில் எதில் நிற்கிறதோ அதை அவள் சொல்ல வேண்டும். தப்பானால் தப்பாகட்டும். அந்தப் பழைய "அதுதான்" திரும்பி வருமா என்று தெரியவில்லை, வரும்வரை வாரா வாரம் உட்காருவதாக இருக்கிறேன். ஆனால் அதற்கெல்லாம் முன்பு முதல் பக்கம். சித்தி அதை மேலிருந்து கீழ்வரை வாய்விட்டு வாசிப்பாள். நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.